குருத்தைப் பிடுங்கிய ஞாயிறு

எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு முந்திக் குளியல் நடந்தது விசிறிப்பனைகளுக்குத்தான். கல்யாணம், கோயில் திருவிழா, சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியர்களின் டான்ஸ் என்று ராயபுரத்தில் எது நடந்தாலும் வாசலில் நிறுத்த நைனா தொட்டிப்பனைகளை வாடகைக்கு விடுவார். துறைமுகத்து நிலக்கரித் தூசு விடிவதற்குள் ஒவ்வொரு இலையிலும் படிந்துவிடும். கறுத்துப்போன பனையை எந்தக் கல்யாண வீட்டில் சேர்ப்பார்கள்? அம்மா இறந்த பிறகு அவற்றைத் துடைக்கும் ஈரத்துணி என் கைக்கு வந்தது. இலையை மடிப்பு மடிப்பாகத் துடைக்க வேண்டும். காம்பிலிருக்கும் முள் கையைக் கிழிக்கும். அண்ணன் பக்கத்திலேயே வரமாட்டான், அது பெண்பிள்ளை வேலையாம். துணி காயப்போடக்கூட இடமில்லாமல் முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்தத் தொட்டிகளை நான் அடியோடு வெறுத்தேன்.

வெள்ளைக்காரன் போன சில வருஷங்களில், எனக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரி அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் பேசி வைத்தார். அங்கேயே தங்கிப் படிக்கலாம். ஈஸ்டர் முடிந்ததும் சேர வேண்டும். நைனா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதுவே போதுமென்று டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அன்றைக்கு மட்டும் நைனா வாடகை வாங்காமல் தொட்டிகளை மாதா கோயில் பீடத்தின் இரு பக்கமும் நிறுத்துவார். அந்த வருஷம், மந்திரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் தென்னங்குருத்து வண்டி பாதி ஓலையோடுதான் வந்தது. சாமியார் தெளித்த தீர்த்தம் எங்கள் பனைகள் மேலும் விழுந்தது. பூசை முடிந்ததுதான் தாமதம், ஓலை கிடைக்காதவர்கள் பீடத்தை நோக்கி வந்தார்கள்.

"இதுவும் மந்திரிச்ச ஓலதாம்மா" என்று ஒரு மீன்காரம்மா நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தாள். அடிவெள்ளையோடு வந்துவிட்டது. பிறகு ஆளுக்கொன்று. சிலுவை மடித்து வாசற்படிக்கு மேல் செருக மந்திரித்த குருத்து கிடைத்தால் போதும், அது எந்த மரத்துக் குருத்தென்று யார் பார்த்தார்கள்? "ஐயோ, உயிரையே புடுங்குறீங்களே!" என்று நைனா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பனைக்கு ஒரே குருத்துதான். பிடுங்கிய குழி அழுகினால் பக்கத்தில் துளிர்க்காது, மரமே போய்விடும்.

அன்று சாயங்காலம் படிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, நானே பேஜாராகீறேன். இதுங்க செத்துதுன்னா தொயிலே பூட்ச்சி, நீ தாராளமா போ. பொயச்சிதுன்னா யாரு தொடைப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு ஜெபமாலை சொல்ல உட்காரும்போதெல்லாம் நைனா பனைகள் பிழைக்க வேண்டிக்கொண்டார். அவர் பக்கத்திலேயே முழங்காலிட்டு, அதே மாதாவிடம், அவை சாக வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டேன். ஆனாலும் காலையில் துடைக்காமல் இருக்க முடியவில்லை. குருத்து போன குழியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமென்று துணி நுனியை விட்டு ஒற்றியெடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஈஸ்டரும் போனது. இடத்தை இனிப் பிடித்து வைக்க முடியாது, உடனே வரவேண்டும் என்று கன்னியாஸ்திரி அம்மா சொல்லியனுப்பினார். மறுநாள் காலை ஓரத்துத் தொட்டியில், குழிக்குள்ளிருந்து கோரைப்புல் மாதிரி ஒரு வெளிர்ப்பச்சை முனை. முற்றத்தில் வேறு யாரும் இல்லை. கட்டைவிரல் நகம் ஒன்றே போதும். நகத்தை வைத்துக்கூடப் பார்த்தேன். கிள்ள மனம் வரவில்லை.

"நைனா, குருத்து வுட்டுகீது" என்று நானே குரல் கொடுத்தேன்.

ஓடிவந்து பார்த்தவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒன் கைராசிம்மா. ஒன்ன வுட்டா இதுங்களுக்கு யாரு கீறாங்க?"

அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் துணியை நனைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனேன். அதிலும் விட்டிருந்தது.