அரக்குச் சேலையில் ஐந்து பாட்டுகள்

என் வீட்டு பீரோவில் ஓர் அரக்குச் சேலை இருக்கிறது. அதற்குள் ஐந்து பாட்டுகள் இருக்கின்றன, ஐந்தும் இங்கிலீஷ் பாட்டுகள். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நெய்தவன் நான்.

மனைவி இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. நான் தறிப்பக்கமே போகவில்லை. பிள்ளையார்பாளையத்து எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோன வீடு எங்களுடையது ஒன்றுதான். பிழைப்பைப் பார்க்காதவனிடம் பிள்ளையை எப்படி விடுவது என்று, அவளைத் தன் ஊரான தாமலுக்குக் கூட்டிப்போக மாமியார் துணிமூட்டை கட்டிவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் மச்சான் வந்தான், என் மனைவியின் தம்பி. கையில் ஒரு டேப்ரிக்கார்டர். சென்னையில் கேசட் கடையில் வேலை பார்த்தபோது, தனக்கு உயிரான பழைய ராக், பாப் பாட்டுகளில் ஐந்தைப் பொறுக்கி ஒரே கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். அக்காவைப் பறிகொடுத்தவன் அவனும்தான்.

"தறியில குந்து மாமா. கரைக்கு நூல் ஓட்டுற நாடாவ நான் போடறேன். நீ இப்டியே இருந்தா பாப்பா தாமலுக்குப் பூடும்."

"ஒரு வார்த்தைகூட புரியலியேடா" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னா புரியுது? காலு ஆடுதா, அத்தப் பாரு."

ஆடியது. டிரம்ஸ் அடித்தால் என் கால் தானாகத் தறியின் மிதியை மிதித்தது. கேசட் திரும்பத் திரும்ப ஓடும், நடுவில் ஒரு மெதுவான பாட்டு. அது வரும்போதெல்லாம் இருவரும் அழுதோம், ஆனால் நாடா நிற்கவில்லை. பாட்டுக்கேற்ப நெய்ததில்தான் தவறும் நடந்தது. வேகப் பாட்டில் அவசரமாகப் பலகை அடித்த இடமெல்லாம் நெசவு இளக்கமாகவும், மெதுவான பாட்டில் அழுத்தி அடித்த இடமெல்லாம் கெட்டியாகவும் விழுந்துவிட்டது.

"இன்னாப்பா இது, ஒரு முழம் ஜமக்காளமா கீது, ஒரு முழம் கொசுவலையா கீது?" என்று நூல் கொடுத்த முதலாளி அந்த அரக்குச் சேலையைத் திருப்பிவிட்டார். அதற்கு ஈடாக இன்னொன்று நெய்து கொடுத்தோம், அதே பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு, இம்முறை காலை அடக்கி. அதற்குள் மாமியார் மூட்டையைப் பிரித்திருந்தார்.

போன வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீராக மச்சான் புதுப்பட்டு கொண்டுவந்தான். அதை மாற்றிக்கொள்ளும் வரை அவள் கட்டியிருந்தது அந்த அரக்குச் சேலையைத்தான். அவள் மாற்றி வைத்த சேலையை எடுத்து, தலைப்பிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்த மச்சான் ஓரிடத்தில் நின்றான். "மாமா, இது அந்த அழுவுற பாட்டு."

என் மகள் என்னோடு வளர்ந்தது இவனால். அதற்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை. மாமன் மச்சானுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. கண்ணைக் காட்டக் கூச்சப்பட்டுக் கீழே குனிந்தேன். மிதியே இல்லாத தரையில் எங்கள் இருவர் கால்களும் ஆடிக்கொண்டிருந்தன.