பங்குனி உத்தரமும் இரண்டு பிளொப்பிகளும்

1. வெள்ளைப் பவுடர்

மருதனார்மடம் சந்தியில் இருந்த எங்கள் அச்சகத்தில் கொம்பியூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது தைப்பொங்கல் கழிந்த கிழமை. அப்போது அடுத்த வருடப் பஞ்சாங்கம் அச்சில் இருந்தது. சித்திரையிலிருந்து மாசி வரை பதினொரு மாதம் அடித்தாயிற்று. பங்குனி மட்டும் பாக்கி.

நான் ஒரு பத்திரிகையில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த அச்சகத்துக்கு வந்து, புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசிக் மொழியைப் படித்து, புரோகிராமர் ஆனேன். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் அன்று மிகச் சிலர். ஆகவே நான் கெட்டிக்காரனா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

கொம்பியூட்டரின் வேலை சூரியனும் சந்திரனும் நிற்கும் இடத்தைக் கணித்து, ஒவ்வொரு நாளும் திதியும் நட்சத்திரமும் எத்தனை மணிக்கு முடிகின்றன என்று அச்சடித்துத் தருவது. சூத்திரங்கள் பாலகிருஷ்ண ஐயருடையவை. பஞ்சாங்க அட்டையிலும் அவருடைய பெயர்தான்.

விற்ற கம்பனியிலிருந்து டேவிட் என்பவர் கொழும்பு மெயிலில் வந்து இறங்கினார். டிஸ்க் டிரைவைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தார்.

"சேர், உள்ளுக்கு என்ன இது? வெள்ளைப் பவுடர்?"

"திருநீறு," என்றார் முதலாளி. "வெள்ளிக்கிழமையிலை ஐயா பூசிறவர்."

"எதுல?"

"மெசினிலை. டிஸ்கிலையும் கொஞ்சம்."

"மெனுவல்ல தூசி படக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கே, சேர்."

"திருநீறு தூசியில்லை," என்றார் ஐயர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

டேவிட் டிரைவைத் துடைத்துப் பூட்டினார். கொம்பியூட்டர் ஓடியது. ஆனால் பழைய சிஸ்டம் பிளொப்பி நினைத்தபோதுதான் எழும்பியது. முன்பே எடுத்து வைத்த பிரதியையும் போட்டுப் பார்த்தோம். ஐயர் பிரதிக்கும் பாரபட்சம் காட்டாமல் பூசியிருந்தார். புதிதாகப் பிரதி எடுக்கப் பார்த்தால் பாதியில் நின்றது.

டேவிட் பையைத் திறந்து புதிய பிளொப்பி ஒன்றை எடுத்து வைத்தார். அதில் புதிய ஒப்பரேட்டிங் சிஸ்டம், கூடவே புதிய பேசிக். "பழசுக்கு இனி சப்போர்ட் இல்லை, சேர். அந்த டிஸ்க் போனா வேற தர மாட்டாங்க. எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்க."

"எல்லாரும் எண்டால் ஆர்?" என்று முதலாளி கேட்டார்.

"கொழும்புல, சேர்."

அன்றைய ரயிலிலேயே டேவிட் திரும்பிவிட்டார். புதிய பிளொப்பியை வைத்துவிட்டுப் போனார்.

2. ஒரு நிமிடம்

நான் எங்கள் புரோகிராமைப் புதிய சிஸ்டத்தில் ஏற்றி ஓட்டினேன். அடித்து முடித்த பதினொரு மாதத்தையும் அதில் மறுபடி எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டேன். புரூப் பார்த்த பழக்கம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு நிமிட வித்தியாசம் இருந்தது. பஞ்சாங்கத்தில் ஒரு நிமிடத்தை யாரும் கேட்க வரமாட்டார்கள்.

பங்குனியில் கேட்க வருவார்கள் என்று தெரிந்தது.

மயிலிட்டிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பங்குனி உத்தரத்தன்று தீர்த்தம். சுவாமி கடலில் தீர்த்தமாட வருவார். அன்று அந்த ஊரில் ஒரு வள்ளமும் மீன்பிடிக்க இறங்காது. மேளம், பந்தல், அன்னதானம் எல்லாம் எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தே ஒழுங்கு செய்வார்கள். நாங்கள் அடித்துக்கொண்டிருந்த வருடத்தில் உத்தரம் திங்கள் காலை தொடங்கிச் செவ்வாய் விடியும் நேரத்தில் முடிந்தது. செவ்வாய் சூரியன் உதித்த பிறகும் உத்தரம் நின்றால் தீர்த்தம் செவ்வாய். உதயத்துக்கு முன் முடிந்தால் திங்கள். அது அந்தக் கோயிலின் வழக்கம்.

பழைய சிஸ்டம் எழும்பிய நேரம் பார்த்து அந்த நாளை மட்டும் எடுத்தேன்; அது, உதயத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி முடிகிறது என்றது. புதியது, ஒரு நிமிடம் முந்தி என்றது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பழைய பேசிக் தசமத்துக்குப் பின்னால் குறைந்த இலக்கங்களையே வைத்துக்கொள்ளும். மிச்சத்தை வெட்டிவிடும். புதியது இரட்டிப்பாக வைத்திருக்கும். இதை முதலாளிக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப புதுசு சரி. திங்கள் எண்டு போடுவம்," என்றார் அவர்.

"பழசிலை அடிச்ச பதினொரு மாதம்?" என்றேன்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். அடித்த தாள்கள் பின்சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தன.

"பழசும் சரிதான்," என்றார்.

நாள் பிழைத்தால் அந்தக் கோயில் வேறு பஞ்சாங்கத்துக்குப் போய்விடும். கரையோரக் கோயில்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நடப்பவை. பிழை கொம்பியூட்டருடையது என்று அட்டையில் போட முடியாது.

3. ஐயரின் கைக்கணக்கு

கையால் கணித்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். ஐயர் பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே விடை வந்தது. உதயத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி. செவ்வாய்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. தாளை வாங்கப் போனபோது அதன் அடியில் பழைய சிஸ்டத்தில் எடுத்த பிரின்ட் இருந்ததைக் கண்டேன்.

"ஐயா, இதைப் பாத்தோ போட்டனீங்கள்?"

"பாத்துப் போடேல்லை. போட்டுட்டுப் பாத்தனான்."

"பாத்து?"

"முதல் தரம் சரிவரேல்லை. மெசினோடை வராட்டில் எங்கையோ கை பிழைச்சிருக்கு எண்டு திருப்பிப் போடுவன். எப்பவும் அப்பிடித்தான்."

"எப்பவும் எண்டால்?"

"மெசின் வந்த நாள் தொடக்கம்."

"அப்ப மெசின் சரியோ எண்டு நாங்கள் எதோடை வைச்சுப் பாத்தனாங்கள்?"

ஐயர் இரண்டு தாளையும் அருகருகே வைத்தார்.

"என்ரை கணக்கோடை," என்றார்.

முதலாளி எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குச் சொன்னார்.

மறுநாள் ஐயர் பிரின்ட் ஒன்றையும் உள்ளே கொண்டுபோகாமல் தாள் அறையில் போய் உட்கார்ந்து கணித்தார். பின்னேரம் வெளியே வந்தார்.

"உதயத்திலை முடியுது."

"முந்தியோ, பிந்தியோ, ஐயா?"

"அதிலை. சரியா அதிலை. கையாலை இதுக்கு மேலை போகேலாது, தம்பி. போறதெண்டால் சூரியனின்ரை எந்த ஓரம் தெரிஞ்சால் உதயம், ஆர் எங்கை நிண்டு பாக்கிறது எண்டெல்லாம் வரும். உன்ரை புது டிஸ்குக்கு அது தெரியுமோ?"

தெரியாது. பழையதற்கும் தெரியாது. இரண்டும் தங்களுக்குத் தெரியாததை நிமிடக் கணக்கில் அச்சடித்துத் தந்திருந்தன.

4. சம்மாட்டியார் வந்தார்

கோயிலாரையே கேட்போம் என்று ஐயர் முடிவுசெய்தார். கோயில் பொறுப்பாளர் கதிர்காமுச் சம்மாட்டியார். பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். சொல்லி அனுப்ப, பஸ்ஸில் வந்தார். ஐயர் விசயத்தைச் சொல்லி, திங்களா செவ்வாயா வசதி என்று கேட்டார்.

சம்மாட்டியார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் நாங்கள் நாள் வைக்கிறது. நீங்கள் எங்களைக் கேட்டால் நாங்கள் ஆரைக் கேக்கிறது?"

"ரெண்டுக்கும் நியாயம் இருக்கு, அதுதான்."

"அப்ப ரெண்டையும் போட்டு விட்டிடாதையுங்கோ. எங்கடை சனத்தைத் தெரியுந்தானே. கிழக்குத் தெரு திங்கள் எண்டால் மேற்குத் தெரு செவ்வாய் எண்டும். பாதி வள்ளம் கடலிலை நிக்க, பாதிச் சனம் சுவாமி காவும். தோள் குடுக்க ஆள் காணாது. ஒரு நாளைச் சொல்லுங்கோ. அந்தக் கதையை வெளியிலை விடாதையுங்கோ."

எழும்பும்போது கொம்பியூட்டரைக் காட்டிக் கேட்டார்: "உதோ சொன்னது?"

"ஓம்," என்றேன்.

"ரெண்டு நாளையும் உதுவே சொன்னது?"

"ஓம்."

"எங்கடை சனம் மாதிரித்தான்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஐயர் அன்றே தீர்த்துவிட்டார். "ஒரு புத்தகத்துக்கு ஒரு கணக்கு. பதினொரு மாதத்தை ஒண்டிலையும் ஒரு மாதத்தை இன்னொண்டிலையும் போட்டால் அது பஞ்சாங்கமில்லை. பங்குனியும் பழசிலை வரட்டும். அடுத்த புத்தகம் முழுக்கப் புதுசு. சித்திரையிலை தொடங்கிச் சித்திரைக்கு முதல் முடியட்டும்."

புதியதே நல்லது என்று நான் அப்போதும் நம்பினேன். ஆனாலும் அவர் சொன்னதில் வெட்ட ஒன்றுமில்லை.

பழைய பிளொப்பி ஒரே ஒரு தடவை முழுதாக எழும்ப வேண்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. ஐயர் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தார். கொம்பியூட்டரைப் பார்த்தார். முதலாளி ஐயரைப் பார்த்தார். ஐயர் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

பலமுறை மறுத்த பிறகு பிளொப்பி எழும்பியது. பிரின்டர் பங்குனியைக் கடைசி வரி வரை அடித்தது. அந்தப் பிளொப்பி அதற்குப் பிறகு ஒருநாளும் எழும்பவில்லை.

5. செவ்வாய்

அடுத்த தையில் அதற்கடுத்த பஞ்சாங்கத்தைப் புதிய சிஸ்டத்தில் கணித்தோம். இந்தத் தடவை ஐயர் முதலில் கையால் சில நாள்களைப் போட்டு, தாளை மடித்து முதலாளியிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் கொம்பியூட்டரைப் போட்டேன். இந்த ஒழுங்கை நான் வேலையை விடும்வரை மாற்றவில்லை. புதிய சிஸ்டம் வாங்கலாமா என்று இப்போது இளையவர்கள் கேட்டு வருகிறார்கள். நான் இரண்டு விசயம் கேட்பேன்: உங்களுடைய எந்த வேலை பாதியில் நிற்கிறது? பழையது சரியென்று எதை வைத்துப் பார்த்தீர்கள்?

பங்குனி வந்தது. தீர்த்தம் செவ்வாயில் நடந்தது. நானும் போயிருந்தேன். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றியிருந்தன. விடியும்போது கிழக்கே முகில் மூடியிருந்ததால் சூரியன் எப்போது உதித்ததென்று யாருக்கும் தெரியவில்லை.

சித்திரைக்கு முன் சம்மாட்டியார் புதிய பஞ்சாங்கம் வாங்க அச்சகத்துக்கு வந்தார். முகவுரையில், கணிப்பு புதிய கொம்பியூட்டர் முறைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஐயா, மெசினை மாத்திப் போட்டியளோ?"

"ஓம்."

"அப்ப போன கிழமைத் தீர்த்தம் பிழையோ?"

"இல்லை," என்றார் ஐயர். "அது அந்தப் புத்தகத்துக்குச் சரி."

சம்மாட்டியார் ஊருக்கென்று ஒரு கட்டுப் பஞ்சாங்கம் வாங்கிக்கொண்டு போனார்.