சட்டிக்குள் கேட்ட குரல்

இத்தாலியில், பொலிதேயாமா என்ற பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் காலமான கணவருடைய அலமாரியைத் துடைக்கும்போது அதைக் கண்டேன். சுற்றிய செம்புக் கம்பி, மினுங்கும் கறுத்த கல், அதைத் தொடும் ஊசி, பழைய இயர்போன்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. அப்பா கொழும்பில் அகப்பட்டிருந்தார். பாதை திறந்ததா என்றறிய, பௌதிகம் படித்த சின்னம்மா இப்படியொரு ரேடியோ செய்து, பனையில் கம்பி கட்டினாள். எல்லாருக்கும் கேட்க, இயர்போனைப் பித்தளைச் சட்டிக்குள் போட்டாள். தலையோடு தலை முட்டக் குனிந்தோம். புளி போட்டு விளக்கிய சட்டியின் மணத்துக்குள், கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் செய்தி வாசித்தார். பாதை திறந்துவிட்டதாம்.

“கரண்டில்லாமல் எப்பிடியடி கதைக்குது?” என்றாள் அம்மா.

“வாற ரேடியோ அலையின்ரை பலமே காணும், அக்கா. இந்தக் கல்லுக்குக் காது இருக்கெண்டு முதல் கண்டவர் ஒரு வங்காளத்து விஞ்ஞானி.”

அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பேட்டரி போட இடமே இல்லை, வெறும் பொம்மை” என்றார் சிஞ்ஞோரா, நான் அதை எடுத்துக் காட்டியபோது. நான் கம்பியைப் பால்கனியில் கட்டி, இயர்போனை அவருடைய சூப்புக் கிண்ணத்தில் வைத்தேன். இருவரும் குனிந்தோம். ஊசியை மெல்ல நகர்த்தினேன். கடலுக்கு அப்பாலிருந்து, நூலிழைபோல், ஓர் அரபுப் பாட்டு வந்தது.

சிஞ்ஞோரா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.