டாக்டரிடம் நான் மறைத்த தோட்டம்

சென்ற ஆண்டு நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகள் ஜெமிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. செவ்வாய்க்கிழமையும் இறங்கவில்லை. புதன்கிழமை கிள்ளானில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தோம். வியாழக்கிழமை கண் இரண்டும் சிவந்துவிட்டன. கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அம்மா என்று சொல்லவில்லை.

அந்த ஐந்து நாளும் நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். அதே நாட்களில் பொய்யும் சொல்லிக்கொண்டிருந்தேன். சகோதரிகளே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேடையில் நின்று பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதித் தருகிறேன்.

நான் கணக்கியல் படித்தவள். ஜெமி பிறந்த பிறகு பூச்சோங்கில் பார்த்துவந்த அலுவலக வேலையை விட்டேன். என் கணவர் டேனியலுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் பிள்ளையும் நானுமாக இருந்த காலத்தில்தான் நம் பெண்கள் ஐக்கியத்தின் புஷ்பா அக்கா என்னைக் காப்பாருக்குக் கூப்பிட்டார். ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். அதை விட்டுவிட்டு, காப்பாரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"சும்மா வந்து பாரு லா. நீ ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார்.

போனேன். அன்று ஒரு பாத்தியில் வெண்டை விதை ஊன்றச் சொன்னார். ஊன்றினேன். அது முளைத்ததா என்று பார்க்க மறுவாரம் போனேன். அப்படியே ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நம் ஐக்கியத்து ரெஜினாவும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். குத்தகைத் தாளில் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. வெண்டை, கத்தரி, மிளகாய், கங்கோங் கீரை போடுகிறோம். கிள்ளான் ஃபிளாட்டுகளிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் தொலைபேசியில் ஆர்டர் வரும். பறித்த அன்றே கொண்டுபோய்க் கொடுப்போம்.

புஷ்பா அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிலத்தில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. சேறு அப்பிய பூட்ஸோடு அப்படியே பெட்ரோல் நிலையத்தில் இறங்குவார். ஒருமுறை அங்கே ஒருவர், "அக்கா, எந்த காண்ட்ராக்டர்கிட்ட வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு நானே காண்ட்ராக்டர் லா அண்ணே. விவசாயி. வெண்டைக்காய் வேணுமா?"

வங்கிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் அவர் 'பெத்தானி' என்று பெரிய எழுத்தில் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், பெத்தானிதான், விவசாயிதான், என்று அக்கா தலையாட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நான் என் நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

என் வெட்கத்துக்குக் காரணம் என் அம்மா. அம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எஸ்டேட்டில் முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து இருபத்திரண்டு வருடம் களைக்கு மருந்து அடித்தவர். விரல் நகங்கள் கறுத்து விழுந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், நாங்கள் கிள்ளான் ஃபிளாட்டுக்கு வந்தோம். அன்று அவர் சொன்ன ஒரே வார்த்தை, "என் பிள்ளை கால் இனி மண்ணுல படக் கூடாது." அதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? ஆன்லைனில் வியாபாரம் செய்கிறேன் என்று சொல்லிவைத்தேன். ஆர்டர் தொலைபேசியில்தானே வருகிறது, அது முழுப் பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் பழைய பல்துலக்கியால் நகத்தைத் தேய்த்துவிட்டுப் போவேன்.

இப்போது ஜெமிக்கு வருகிறேன்.

காய்ச்சல் வருவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி ஊரில் இல்லை. ஜெமியை நிலத்துக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் நல்ல மழை. லோங்காங் என்கிற வடிகால் நிரம்பி, ஓரத்துப் பாத்தி வரைக்கும் தண்ணீர் நின்றது. ஜெமி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி வெண்டைப் பூவை மிதக்கவிட்டாள். அவளுடைய பெருவிரலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது.

"பிள்ளைக்குச் செருப்பைப் போட்டு விடு லா. பனைக்காட்டு எலியெல்லாம் அந்தத் தண்ணியிலதான் ஓடுது" என்றார் புஷ்பா அக்கா.

"இதோ அக்கா" என்றேன். கத்தரிச் செடிகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு பாத்தி கட்டி முடித்த பிறகுதான் போனேன். அதற்கு முன்னால் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன், அழகாக இருந்தாளே என்று.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் எங்களைப் பார்த்தார். பொறுமையானவர். மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுப் பக்கம் டெங்கி இருக்கிறதா? கடந்த இரண்டு வாரத்தில் பிள்ளை எங்கெல்லாம் போனாள்? ஆறு, நீர்வீழ்ச்சி, வெள்ளம், சேறு? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து ஜெமியின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார்.

"சூரி ரூமா" என்றேன், இல்லத்தரசி. வீட்டில் இருக்கிறேன். பிள்ளை வீட்டையும் பாலர் பள்ளியையும் தவிர எங்கும் போகவில்லை. எங்கள் புளோக்கில் இரண்டு பேருக்கு டெங்கி வந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். பதில்தான் பொய்.

டெங்கிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. வியாழக்கிழமை கண் சிவந்ததும் நான் தொலைபேசியில் தேடிப் படித்தேன். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் நோய். சிவந்த கண், கெண்டைக்கால் வலி, பிறகு சிறுநீரகம். எல்லாம் அங்கே எழுதியிருந்தது. இதை மட்டும் எழுதாமல் விட நினைத்தேன், ஆனால் மறைக்க மாட்டேன்: அதைப் படித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். ஒன்பது நாள் கழித்தா வரும் என்று நினைத்தேன். சொல்லி, அதுவாக இல்லாமல் போனால், அம்மாவுக்கு வீணாகத் தெரிந்துவிடுமே என்றும் நினைத்தேன். பெற்ற பிள்ளை படுத்துக் கிடக்கும்போது ஒரு தாய் இப்படி நினைப்பாளா? நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிகிறது என்றார்கள். டேனியல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நிலம் தெரியும். ஆனால் பிள்ளை தண்ணீரில் நின்றது தெரியாது, அவரிடமும் நான் சொல்லவில்லை. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தார். "ஆண்டவரே, மண்ணுல கால் படாம வளர்த்தேனே, அவ பிள்ளைக்கு ஏன் இப்படி?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வார்டுக்கு வெளியே, தாய்மார் துணி காயப்போடும் இடத்துக்குப் போனேன். மண்டியிட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பிள்ளையைக் கொடும், நிலத்தை விட்டுவிடுகிறேன், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று பொருத்தனையும் செய்யப் பார்த்தேன். அந்த வார்த்தையை என்னால் முடிக்க முடியவில்லை. நெஞ்சில் ஒரு கேள்விதான் வந்தது. டாக்டர் கேட்டதற்கு நீ பதில் சொன்னாயா?

அது ஆண்டவரின் சத்தமா, என் மனசாட்சியா, பயமா? நான் எதையும் பத்து முறை புரட்டிப் பார்க்கிறவள். இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, எனக்குச் சொல்ல வாய் இல்லை. வாயைக் கொடும்" என்று மட்டும் கேட்டேன்.

எழுந்து வந்தபோது பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டு வாசலில் ஒரே சத்தம். புஷ்பா அக்கா நிலத்திலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. காவலர் உள்ளே விடவில்லை.

"என்ன ஆன்டி இது, லோங்காங்ல விழுந்துட்டீங்களா?"

"யாருடா ஆன்டி? அக்கான்னு கூப்பிடு. நாங்க விவசாயிங்க தம்பி, சேறு இல்லாம பேங்க் மேனேஜர் மாதிரியா வருவோம்? பைப்பைக் காட்டு, கழுவிட்டு வரேன். உள்ள படுத்திருக்கிறது எங்க பிள்ளை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலரும் சிரித்துவிட்டார். நாங்க, என்றார் அக்கா. அந்த 'நாங்க'வில் நானும் இருந்தேன். ஐந்து நாளாக நான் கழற்றி எறியப் பார்த்ததை அவர் ஊர் முன்னால் மாலை போலப் போட்டுக்கொண்டு நின்றார். என் கால் டாக்டரை நோக்கி நடந்தது.

டாக்டர் ஜெமியின் கட்டிலருகில்தான் இருந்தார். அம்மாவும் இருந்தார்.

"டாக்டர், நான் உங்களிடம் பொய் சொன்னேன். சாயா பெத்தானி. நான் விவசாயி. காப்பாரில் எங்களுக்குக் காய்கறி நிலம் இருக்கிறது. என் மகள் அங்கே தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்றாள். காலில் காயம் இருந்தது. அங்கே எலி உண்டு." தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. என்றைக்கு, எவ்வளவு நேரம் என்று இரண்டு கேள்வி கேட்டார். படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். உடனே தாதியைக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார், அவ்வளவுதான்.

அம்மா பிழிந்து பிழிந்து அந்த ஈரத்துணியில் தண்ணீரே இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் நீங்கள் எல்லாரும் அவளுக்காக ஜெபித்த அதே காலையில், ஜெமி கண்ணைத் திறந்து, "அம்மா, ரொட்டி சானாய்" என்றாள். தாதி சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு வந்த முடிவு அது எலிக்காய்ச்சல்தான் என்று சொன்னது. சிறுநீரகம் தப்பியது. கர்த்தர் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மதியம்தான் அம்மா அதைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். ஜெமிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"யாரு நிலம்?"

"குத்தகை. எங்க மூணு பேரு பேருல."

"மண்டோர் யாரு?"

"வேலை வாங்குற மண்டோர் யாரும் இல்லம்மா."

"மண்டோர் இல்லாம? காலையில யாரு பேர் கூப்பிடுவா? எந்தப் பாத்தின்னு யாரு சொல்லுவா?"

"நாங்களே பேசிக்குவோம்."

"மருந்து?"

"களைய கையாலதான் எடுக்கிறோம்."

கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடம் மண்ணில் நின்றவர் என் அம்மா. அவர் பார்த்த மண்ணில் எப்போதும் வேறொருவர் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் பயந்தது போல அவர் மண்ணை வெறுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"விக்கிற விலைய யாரு வைக்கிறா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"நாங்கதான்மா."

அம்மா ஜெமியின் வாயைத் துடைத்தார். "பொய் சொன்னியே, அதுக்கு உன்ன நான் இன்னும் மன்னிக்கல" என்றார். "வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தைக் காட்டு."

காட்டினேன். எங்கள் நிலத்தைச் சுற்றி நடந்தார். ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தார். புஷ்பா அக்காவிடம், "பொம்பளைங்களே நடத்துறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். போன வாரம் அம்மா சித்தியிடம் தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது: "ஆன்லைனும் இல்ல, ஆஃப்லைனும் இல்ல. என் மகளுக்குத் தோட்டம் இருக்கு. சொந்தமா நடத்துறா. டிகிரி வாங்கினவதான், ஏன், டிகிரி வாங்கினவ வெண்டைக்காய் போடக் கூடாதா?"

என் பயம் எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். ஜெமி தும்மினால் இன்னும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போது நிலத்தில் யாரும் வெறுங்காலோடு இறங்குவதில்லை. காயம் இருந்தால் கட்டுப் போடாமல் விடுவதில்லை. லோங்காங்கை வாரம் ஒருமுறை நாங்களே வாருகிறோம். ஆனால் நிலத்தை விடவில்லை. விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்ல வந்தபோது ஆண்டவர் அதை என் வாயிலிருந்து வரவிடவில்லை, அதற்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அறுப்பின் பண்டிகையில் பெரும்பாலும் நாம் பாசாரில் வாங்கிய பழத்தைத்தான் படைக்கிறோம். அதில் தவறில்லை, நானும் பல வருடம் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு அன்னாசி கொண்டு வந்தவள்தான். இந்த முறை மூன்று பேரும் எங்கள் கூடைகளைச் சுமந்து நடுவழியாக நடந்து வந்தோம். போதகர், "இது யார் விளைவித்தது?" என்று கேட்டார். "நான்" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் பால்கனியில் ஐந்து தொட்டி வைத்துக்கொண்டு சும்மா பொழுதுபோக்கு என்கிறீர்கள்? எத்தனை பேர் காப்பாரிலும் பந்திங்கிலும் புருஷனுடைய தோட்டத்தில் விடிந்ததிலிருந்து வேலை செய்துவிட்டு, தொழில் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள்? உங்களைத் திட்ட நான் யார்? நானே என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்து மறைத்தவள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கும் சொல்ல முடியாத ஏதாவது நெஞ்சில் இருந்தால், அதை மாற்றச் சொல்லி ஜெபிப்பதற்கு முன்னால், அதைச் சொல்ல வாய் கொடும் என்று ஜெபித்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புஷ்பா அக்காவின் வேன் ஆலய வாசலிலிருந்து கிளம்புகிறது. இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஜெமியும் வருகிறாள்.