நாற்பத்தெட்டு எண்கள்

அந்தப் பள்ளியில் அவளை எல்லோரும் ‘புள்ளி டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் டீச்சர் இல்லை. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. பாடங்களையும் வினாத்தாள்களையும் பிரெயிலுக்கு மாற்றித் தருவது அவள் வேலை. லேப்டாப்பில் வரிவரியாகச் சரிபார்த்து அனுப்பினால், பக்கத்து மேஜையிலிருக்கும் பிரிண்டர் தடித்த தாளில் கடகடவென்று புள்ளிகளைக் குத்தித் தள்ளும். பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தோடுதான் அவள் குடித்தனம்.

பயம் அவளுக்குக் கூடப்பிறந்தது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பாள். “பூட்டே பயந்து போயிருக்கும், விட்டுடு” என்பான் கணவன். ஆனால் வேலையில் அந்தப் பயம்தான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. பிரெயிலில் ஒரே ஒரு புள்ளி கூடினால் மூன்று என்பது ஆறாகிவிடும். அவள் கை வழியாகப் போன தாளில் அப்படி நடந்ததே கிடையாது.

ஆண்டுத் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. முதல் தேர்வு கணக்கு. எழுதப் போகிறவர்கள் பன்னிரண்டு பேர். முத்திரையிட்ட உறையில் வந்த வினாத்தாளை மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றியிருந்தாள். முக்கோணமும் வட்டமும் வரைபடமும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு புள்ளியாக வைத்த வேலை. மூலத் தாள் திரும்பிப் போய்விட்டது. நகல் எங்கும் வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே உலகத்திலேயே அது ஒரே இடத்தில்தான் இருந்தது, அந்த லேப்டாப்பில்.

அன்று காலை அதைத் திறந்ததும் ‘பயாஸ் அப்டேட்’ என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. ஒரு மாதமாக வந்து நச்சரித்துக்கொண்டிருந்ததுதான். தினமும் ‘பிறகு’ என்று அழுத்தித் தள்ளிவிடுவாள். இன்றைக்கு வேறு யோசனை ஓடியது. அச்சடித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் குறுக்கே வந்து நின்றால்? அந்தப் பயத்தில் ‘இப்போதே’ என்பதை அழுத்தினாள். திரை கறுத்து, ‘அணைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கையோடு சதவீதம் ஏறத் தொடங்கியது. நாற்பத்தொன்று வரை அவள் பார்த்தாள்.

கீழே எலக்ட்ரீஷியன் எதையோ சரிபார்க்க மெயினை இறக்கினார். விளக்கு போயிற்று, ஃபேன் நின்றது, லேப்டாப்பும் போயிற்று. அதன் பேட்டரி பேருக்குத்தான் நூறு காட்டும். பிளக்கை எடுத்தால் அரை நிமிடம் தாங்காது.

மின்சாரம் வந்ததும் பட்டனை அழுத்தினாள். சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ஓவென்று இரைந்தது. திரையில் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். அதே இரைச்சல், அதே கறுப்பு. தலைமை ஆசிரியை அறை மூன்று கதவு தள்ளித்தான். போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். கால் அந்தப் பக்கம் போகவில்லை. லேப்டாப்பைப் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, “ரிப்பேர் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

கடைத்தெருவின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்த ரிப்பேர் கடை. கடைக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்.

“தூங்கி எழுந்ததும் நாம யாரு, கை எங்க, கால் எங்கன்னு நமக்குத் தெரியுதில்ல? லேப்டாப்புக்கு அதைச் சொல்றதுதான் பயாஸ். அதைப் பாதியில அழிச்சுட்டீங்க. இப்ப அதுக்குத் தான் யாருன்னே தெரியாது. விட்டுட்டுப் போங்க மேடம், ஒரு வாரத்துல பாக்கலாம்.”

“விட்டுட்டுப் போக முடியாது. ஒரு வாரமும் கிடையாது.” அவள் லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “நாளன்னைக்கு மறுநாள் பரீட்சை. பன்னெண்டு பிள்ளைங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்தார். “சரி, உக்காருங்க. ஒரு வழி இருக்கு. வந்தா வரும், இல்லைன்னா இல்லை.”

தன் கம்ப்யூட்டரில் அந்த மாடலுக்கான பயாஸ் கோப்பை இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டுச் செருகினார். “நீங்க இந்த ரெண்டு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கங்க. நான் பவரை அமுக்கறேன். சொல்ற வரைக்கும் விடாதீங்க.”

விரல் வெளுக்கும் வரை அழுத்தினாள். விசிறி இரைந்தது. பென் டிரைவின் விளக்கு இரண்டு முறை மினுங்கி அணைந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கறுப்புதான். கடைக்காரர் தலையை ஆட்டினார். “போர்டு போயிருக்கும் போல.”

அவள் அழவில்லை. அழுவதற்கான தெம்பு கூட இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பர் ஸ்டிக்கரைப் படித்தாள். பிறகு அவர் திரையைப் படித்தாள். மறுபடி ஸ்டிக்கரை.

“சார், இங்க கடைசி நம்பர் எட்டு. நீங்க மூணு போட்டிருக்கீங்க.”

அவர் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அட, தேய்ஞ்சு போய் மூணு மாதிரி இருக்கு! உங்க கண்ணு கண்ணுதான் மேடம்.”

சரியான கோப்பை ஏற்றி மறுபடி அழுத்தினார்கள். இந்த முறை பென் டிரைவின் விளக்கு நிற்காமல் துடித்தது. “தொடாதீங்க. மூச்சு கூட மெதுவா விடுங்க” என்றார் அவர். அவள் எழுந்து போய், சுவிட்சை யாரும் தட்டிவிடக் கூடாதென்று அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஏழு நிமிடம் கழித்துத் திரையில் கம்பெனியின் சின்னம் வந்தது. அவள் நாற்காலியை இழுத்தாள்.

உட்காருவதற்குள் திரை நீலமானது. நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

“இது என்ன சார்?”

“உள்ள இருக்கிறதைப் பூட்டி வச்சிருக்காங்க. பயாஸ் மாறினதும் திருடன் வந்துட்டான்னு நினைச்சுக்குது. இந்த நம்பர் இல்லாம நான் இல்லை, இதைச் செஞ்சவனே வந்தாலும் திறக்க முடியாது. யாரு செட் பண்ணிக் குடுத்தாங்க?”

செட் பண்ணிக் கொடுத்தது அவள் நாத்தனார், கணவனின் தங்கை. அதே பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். அவள் தினமும் தாமதமாக வருகிறாளா என்று தலைமை ஆசிரியை கேட்டபோது, பொய் சொல்லப் பயந்து ‘ஆமாம்’ என்றிருந்தாள் இவள். நாத்தனாருக்கு வேலை போயிற்று. எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து நாத்தனாருக்குப் போனைப் போட்டாள். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள், பேசவில்லை. பின்னால் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

“நான்தான்மா” என்றாள் இவள். “வச்சுடாதே. ஸ்கூல் லேப்டாப்... ஏதோ நாப்பத்தெட்டு நம்பர் கேக்குது. கணக்குப் பேப்பர் உள்ள மாட்டிக்கிச்சு.”

“கேக்கணும்னா மட்டும் நான் வேணுமா அண்ணி?”

“அன்னைக்கு அவங்க கேட்டப்போ நீ ஏன் லேட்டா வர்றேன்னு உன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றாள் இவள். “பயம். வேற ஒண்ணும் இல்ல.”

குக்கர் இரண்டு முறை கூவியது. “அந்த நம்பரைச் சேத்து வச்ச அக்கவுண்ட் இன்னும் என் போன்லதான் இருக்கு” என்றது குரல். “அடுப்பை அணைச்சுட்டு வரேன். எழுதிக்கங்க.”

ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. நாத்தனார் படிக்க, இவள் எழுதி, திருப்பிச் சொல்லி, மறுபடி சொல்லச் சொன்னாள். “இன்னொரு தடவையா?” என்று அந்தப் பக்கம் பல்லைக் கடித்தாலும் படித்தாள். உள்ளே வந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஐந்தாவது தொகுதியில் தவறு என்று காட்டியது. ஒரு பூஜ்ஜியத்தை விட்டிருந்தாள். திருத்தினாள். திரை திறந்தது. கணக்குத் தாள் வைத்த இடத்தில் இருந்தது. முப்பத்தொரு பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகுதான் போனை நிறுத்தவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

“இருக்கும்மா. எல்லாம் இருக்கு.”

“சரி, வைக்கிறேன்” என்றாள் நாத்தனார். வைத்துவிட்டாள்.

பள்ளிக்குத் திரும்பியதும் இவள் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள். லேப்டாப் செத்துப் பிழைத்ததைச் சொன்னாள். யார் எண்ணைக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமை ஆசிரியை நன்றாகத் திட்டினார். பிறகு இன்னொரு பிரதியை முத்திரையிட்டுப் பீரோவில் வைக்க மேலிடத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்வன்று பன்னிரண்டு பேரும் தாளைத் தடவத் தொடங்கியபோது, இவள் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாக ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரம். ஒருவரும் கையைத் தூக்கி எதையும் கேட்கவில்லை. முடிந்ததும் நாத்தனாருக்குச் சேதி அனுப்பினாள்: ‘பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?’

பதில் சாயங்காலம்தான் வந்தது. ‘வாங்க. அண்ணனைக் கூட்டிட்டு வராதீங்க. நான் ஏன் லேட்டா வந்தேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லணும்.’

அதை இவள் மூன்று முறை படித்தாள். ‘வரேன்’ என்று எழுதி அனுப்பினாள்.