நாலு மடிப்புக் கம்பளிக்குக் கீழே

வரலக்ஷ்மி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், நான் அவரைத் திட்டியதிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வாய் அப்படி. பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொன்னிக்குத் தறியில் கை ஓடுவதற்கு முன்னால் வாய் ஓடும் என்று.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாவு மில்லை ஒட்டிய ஒற்றை அறைதான் டீச்சரின் லேப்டாப் ரிப்பேர் கடை. பதினாறு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர். கொரோனா வந்த வருஷம் கணவர் போய்விட்டார். மறு வருஷம் பள்ளியையும் மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வாசற்படி தாண்டவில்லையாம். பழைய மாணவி ஒருத்தி, அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஓடவில்லை என்று அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அதைத் திறந்து பார்ப்பதற்காக எடுத்த ஸ்குரூ டிரைவரை டீச்சர் இன்னும் கீழே வைக்கவில்லை.

என் தறிக்கு மேலே இருப்பது எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி. எந்த வரிசைக்கு எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அதற்கு லேப்டாப் சொல்லும். நான் மிதித்து, குறுக்கு நூல் போகும் நாடாவை ஓட்டி, நூல் இறுகப் பலகையை அடிப்பேன். சாப்பிட எழுந்தால் லேப்டாப்பின் மூடியைச் சாத்துவேன், அது தூங்கும். திரும்பி வந்து திறந்தால் விட்ட வரிசையிலிருந்து ஓடும். மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

என் மகள் அபிநயாவின் கல்யாணச் சேலையைத் தறியில் ஏற்றினேன், பிடித்தது சனியன். எழுந்து போய் வந்து மூடியைத் திறந்தால் நீலத் திரை. இல்லையென்றால் கறுத்துப்போய், அதுவாகவே முதலிலிருந்து தொடங்கும். எந்த வரிசையில் நின்றோம் என்பது போயே போச்சு. பூதக்கண்ணாடியை வைத்து இழை இழையாக எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரிசை தப்பினாலும் சேலையில் குறுக்கே கோடு விழுந்துவிடும். முகூர்த்தத்துக்கு இருந்ததோ இருபத்திரண்டு நாள். பாதிச் சேலைகூட ஆகவில்லை.

அபிநயாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடம் நிச்சயமாகியிருந்தது. அப்போதும் சேலையை நானேதான் நெய்தேன். பெருமை பிடிபடாமல் தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். சேலை முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். கண் பட்டுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெண் ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த முறை ஈ காக்கைக்குக்கூடக் காட்டுவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு நெய்தேன்.

டீச்சர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேப்டாப்பை மூன்று நாள் வைத்துக்கொண்டார். மெமரியை மாற்றிப் பார்த்தார், டிரைவர்களைப் புதிதாகப் போட்டார், ஐம்பது அறுபது தடவை மூடித் திறந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

"வீட்டுல வேற ஏதாவது மாறித்தா பொன்னி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறலையே," என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கே மத்தியானம் நீலத் திரை. எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவில் நேராகக் கடைக்குப் போனேன்.

"இன்னா டீச்சர், விளையாடிக்கினு இருக்கீங்களா? உங்ககிட்ட வந்தா ஒழுங்கா இருக்குது, என் ஊட்டுக்கு வந்தா மண்டையப் போட்டுடுது! தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க!"

வகுப்பில் சத்தம் போடும் பிள்ளையைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். "திட்டி முடிச்சாச்சா? இங்கே ஆகாதது அங்கே ஆறதுன்னா தப்பு அங்கேதான் இருக்கு. நாளைக்கு உங்காத்துக்கு வரேன். நீங்க எப்பவும் போல நெய்யுங்கோ, நான் பாக்கறேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். புருஷனை இழந்தவர், கல்யாணச் சேலையைத் தறியிலேயே பார்ப்பதா என்றுதான் நினைத்தேன். வீட்டில் விருந்தாளி இருக்கிறார்கள், இடமில்லை என்று ஏதேதோ உளறினேன். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"சேலையை நான் பாக்க மாட்டேன் பொன்னி. மெஷினை மட்டும் பாக்கறேன்," என்றார்.

வீட்டு அடையாளத்தைச் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார். நெய்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து, லேப்டாப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. நான் சாப்பிட எழுந்தேன். மூடியைச் சாத்தினேன். எப்போதும் போல எல்லாவற்றையும் போர்த்திவிட்டுப் போனேன். வந்து போர்வையில் கை வைத்தபோது டீச்சர், "நில்லுங்கோ!" என்றார்.

போர்வைக்கு அடியில் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பெருமாளே! தோசைக்கல்லாட்டம்னா கொதிக்கறது! என்னத்தைப் போட்டு மூடியிருக்கேள்?"

"கம்பளி. நாலு மடிப்பா. மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு."

"சேலையை மூடுங்கோ, சரி. இதை எதுக்கு?"

"அதுக்குள்ளதான டீச்சர் சேலையோட படம் முழுசா இருக்குது? யாராச்சும் பாத்துட்டா..."

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இந்த மாதிரி லேப்டாப் மூடினா முழுசாத் தூங்காது பொன்னி. உள்ளே வேலை பண்ணிண்டே இருக்கும். சூடு வெளில போக வழியில்லாம இப்படிப் போத்தினா, எழுப்பறச்சே தாங்காம விழுந்துடறது. என் கடையில அதுக்கு யாரு கம்பளி போத்தினா? ஏதாவது மாறித்தான்னு கேட்டேனே!"

கேட்டார்தான். நெய்ததை மூடுவதெல்லாம் ஒரு மாற்றம் என்று எந்த நெசவுக்காரி சொல்வாள்? தறியை விட்டு எழுந்தால் மூடுவோம், அவ்வளவுதான். முந்தைய சேலைகளுக்கு ஒற்றைப் பருத்தித் துணி, அதுவும் நெய்த இடத்துக்கு மட்டும். என் மகள் நன்றாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில் நானேதான் அந்த மெஷினின் மூச்சை அடைத்திருக்கிறேன்.

மூடியைச் சாத்தினால் பாதித் தூக்கம் கூடாது, நின்ற வரிசையை எழுதி வைத்துக்கொண்டு முழுசாக ஓய்ந்துவிட வேண்டும் என்று டீச்சர் அதற்குள் மாற்றிக் கொடுத்தார். அடியில் காற்றுப் போக இரண்டு மரக்கட்டை வைத்தார். கம்பளியை என் கையில் கொடுத்து, மார்கழிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தோம். விட்ட வரிசையிலேயே நின்றது.

"திரும்பிப் பாருங்க டீச்சர்," என்றேன்.

"வேண்டாம். முடியட்டும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் சேலை முடிந்தது. கல்யாணச் சேலையைத் தறியிலிருந்து அறுப்பது எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சுமங்கலிதான். பக்கத்து வீட்டு மஹாலட்சுமி பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். டீச்சரைக் கூட்டிவந்து, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தேன்.

மஹாலட்சுமி என் முழங்கையை இடித்தாள். "இன்னாடி பண்றே? கண்ணு பட்டுடப் போவுது!"

"படட்டும்டி. ஊர்ல இருக்கிற எல்லாரு கண்ணும் இருந்துச்சி, இந்தக் கண்ணுதான கண்டுபிடிச்சிது!"

டீச்சர் கத்தரிக்கோலை என்னிடமே திருப்பி நீட்டினார். "பொன்னி, எனக்கு இதெல்லாம்..."

"அறுங்க டீச்சர், அங்க சோறு ஆறிக்கினு இருக்குது," என்றேன்.

அபிநயா வந்து மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேல் வைத்தது போல் நேராக அறுத்தார். பிறகு சேலையைத் தன் மடியில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார்.

"ஒரு கோடுகூட இல்லை பொன்னி," என்றார்.