கயிறு பிடிக்கும் முறை

விமல்ராஜ் முதன்முதலாகச் சரிதா டீச்சரைப் பார்த்தபோது அவர் தரையில் நான்கு காலில் இருந்தார். அக்கா மகள் சுவேதாவை அங்கன்வாடியில் விட வந்தவன், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறித் தூக்கப் போனான்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாடு எந்திரிக்குது" என்றார் தரையிலிருந்தே. முதலில் இடுப்பு மேலே போனது. அப்புறம்தான் முன்பக்கம் கையூன்றி நிமிர்ந்தது. "பாத்தீங்களா கண்ணுங்களா, மாட்டுக்குப் பின்னங்கால்தான் முதல்ல."

விமல்ராஜ் விலங்கியல் படித்தவன். வீட்டுக்கு முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அவன் அப்பா ஆஞ்சப்பன் முப்பது வருடம் மாடு ஓட்டியவர். இருந்தும் மாடு எப்படி எழுகிறது என்று அவன் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் ஒற்றை அறைக் கட்டடம் அது. விலங்குகள் எப்படிப் போகும் என்ற பாடத்துக்கென்று மேலிடத்திலிருந்து வந்த படத்தில் கங்காருவும் பென்குவினும் இருந்தன. சரிதா அதைச் சுவரில் மாட்டிவிட்டு, வாசலில் போகிறவற்றைப் பாடமாக்கினார். தவளை தத்தும், பாம்பு ஊரும், ஆட்டுக்குட்டி துள்ளும். மனிதர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டதற்குப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்ன பதில், "கம்பெனி பஸ்ல." பாதிப் பேரின் அம்மாக்கள் விடியுமுன்னே ஓசூர் பஸ் ஏறுகிறவர்கள். சரிதா சிரித்துவிட்டு, பஸ் வரைக்கும் எப்படிப் போவார்கள் என்றார். ஓடிக்கொண்டு என்றாள் சுவேதா.

தினமும் கடைசியில் மாட்டு விளையாட்டு. ஒரு பிள்ளை மாடு. இன்னொரு பிள்ளை கயிறு பிடித்து ஓட்டும். பழைய சேலைக் கரைதான் கயிறு. யார் மாடு, யார் ஓட்டுவது என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. அழுது புரண்டாலும் மாறாது. சுவேதா இரண்டு தடவை மாடாக இருந்துவிட்டாள். வியாழக்கிழமை கயிறு அவள் கைக்கு வர வேண்டும். அன்றைக்கு மாடு, தோப்புக்காரர் கிருஷ்ணப்பனின் பேரன் ஹரீஷ்குமார்.

புதன் சாயங்காலம் முழுக்க சுவேதா மாமன் கழுத்தில் துண்டைப் போட்டு ஓட்டிப் பழகினாள். ஹரீஷும் அவன் வீட்டில் மாடு மாதிரி கத்திப் பழகியிருக்கிறான். என்னடா என்று கேட்ட தாத்தாவிடம், "நாளைக்கு நான் மாடு, சுவேதா ஓட்டுவா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

வியாழன் காலை விமல்ராஜ் சுவேதாவை விட்டுக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணப்பன் செருப்போடு உள்ளே வந்து நின்றார்.

"ஏம்மா சரிதா, நீ நம்ம சனத்துப் பொண்ணுதான? எம் பேரனுக்குக் கயிறு போட்டு ஆஞ்சப்பன் பேத்தி ஓட்டணுமா?"

"வெளையாட்டுங்க பெரியப்பா. போன வாரம் சுவேதா மாடா இருந்தா. அப்ப ஒருத்தரும் வரலையே."

"அது வேற."

என்ன வேறு என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரியும் என்ற அந்தத் தைரியம்தான் விமல்ராஜை வாய் திறக்க வைத்தது. அவன் அப்பா இவரைவிட ஆறு வயது மூத்தவர். இன்றைக்கும் இவருக்கு அவர் 'டேய் ஆஞ்சப்பா'.

"எங்கப்பா முப்பது வருசம் ஒங்க மாட்டத்தான ஓட்டுனாரு" என்றான். "அப்ப ஓட்றது கேவலமான வேல. எம் மருமவ ஓட்டுனா மட்டும் பெரிய பதவியாய்டுச்சா?"

கிருஷ்ணப்பன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஹரீஷ் வழியெல்லாம் அழுதான். அவனுக்கு மாடாக வேண்டும்.

அன்று விமல்ராஜுக்கு வார விடுப்பு. வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே நின்றான். பதினோரு மணிக்கெல்லாம் கிருஷ்ணப்பனின் புகாரை வாங்கிக்கொண்டு அங்கன்வாடி மேற்பார்வையாளர் அம்மா ஸ்கூட்டியில் வந்துவிட்டார். கோபமே இல்லை, குரல் தேனாக இருந்தது. சுவேதா மட்டும் எப்போதும் மாடாகவே இருக்கட்டும், மற்ற பிள்ளைகள் மாறி மாறி ஓட்டட்டும், யாருக்கும் சங்கடம் இல்லை என்றார். நாலு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார். கிருஷ்ணப்பனாவது கத்திவிட்டுப் போனார். இந்த அம்மா அதையே ஏற்பாடாக்கப் பார்த்தார்.

"அத எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார் சரிதா. "பதிவேட்டுல ஒட்டி வெச்சிக்கறேன்."

அந்த அம்மாவின் பேனா திறக்கவில்லை.

சரிதா சேலையை இழுத்துச் செருகினார். கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தரையில் படுத்தார். மறுமுனையைச் சுவேதாவிடம் நீட்டினார். மாடு எழுந்தது, பின்னங்கால் முதலில். சுவேதா இழுக்காமல் நின்றாள்.

"டீச்சர், எந்தப் பக்கம் போவணும்?"

"மாட்டப் போயிக் கேக்கறியே கண்ணு. ஓட்றவதான் சொல்லணும்."

சுவேதா யோசித்தாள். பிறகு அறையைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் மேற்பார்வையாளர் அம்மா நாற்காலியில் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினைந்தாம் நாள் சரிதாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாகக் காரணம் என்று இரண்டு வார்த்தை. விமல்ராஜ் தான் படித்த படிப்பையெல்லாம் இறக்கி நாலு பக்கத்துக்கு மனு எழுதினான். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி பதில் வந்தது. பழைய மையத்தில் இப்போது பாடம் என்றால் கங்காரு படம் மட்டும்தான்.

சரிதா இன்று ஓசூர் தாண்டி ஜூஜுவாடி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே இருபத்து மூன்று பிள்ளைகள். சேலைக் கரையைக் கையோடு கொண்டு போயிருக்கிறார். பதிவேட்டு வரிசைப்படி அது கைமாறிக்கொண்டிருக்கிறது.